ஃபேனை அணைத்துவிட்டுப் படுக்கும் மகள்

வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

அவருக்கு 16 வயதில் மகள், 9 வயதில் மகன். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மகள், கடந்த ஆறு மாதமாகப் புத்தகத்தைத் தொடுவதே அரிது. இரவு 2 மணி வரை போனில் காட்டுத்தீ, வெள்ளம், உருகும் பனிப்பாறை என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால், "2030-க்கு மேல எதுவுமே இருக்காதுப்பா, எதுக்குப் படிக்கணும்?" என்கிறாள். புழுக்கத்திலும் ஃபேனை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறாள். நடுராத்திரியில் எழுந்து சுவிட்சுகளையும் குழாய்களையும் ஐந்தாறு முறை சரிபார்க்கிறாள். "நான் இன்னிக்கு தண்ணி ரொம்ப செலவு பண்ணிட்டேனா?" என்று வீட்டில் எல்லோரிடமும் மாறி மாறிக் கேட்கிறாள். சமையலறைக் குழாய் ஒன்று மாதக்கணக்கில் சொட்டுகிறது. அதன் கீழே வாளி வைத்துக் காவல் காக்கிறாள். பள்ளியை விட்டுவிட்டுப் போராட்டங்களுக்குப் போகப்போவதாகச் சொல்கிறாள். தம்பியோ, "அக்கா, நாம எல்லாரும் செத்துருவோமா?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறான்.

தந்தை முதலில் சிரித்தார், பிறகு திட்டினார், கடைசியில் போனைப் பிடுங்கி வைத்தார். மூன்று நாள் அவள் யாரோடும் பேசவில்லை. "எங்க காலத்துலயும் ஓசோன்ல ஓட்டைன்னு பயமுறுத்துனாங்க, ஒண்ணும் ஆகலையே! இது போனால் வந்த வியாதியா, மனநோயா, வயசுக் கோளாறா? டாக்டரிடம் போனால் மாத்திரை கொடுத்துப் பிள்ளையை மந்தமாக்கிவிடுவார்களா?" என்பவை அவர் கேள்விகள். பின்குறிப்பாக இரண்டு வரி: சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டாள், 52 கிலோ இருந்தவள் இப்போது 46. "நான் இல்லாமப் போனா பூமிக்கு ஒரு பாரம் குறையும்" என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னாளாம்.

அன்புள்ள ஐயா,

நீங்கள் பின்குறிப்பில் போட்ட இரண்டு வரியும்தான் எனக்கு முதல் வரிகள். போன், படிப்பு, 2030 எல்லாம் அதற்குப் பிறகு.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

வளர்கிற வயதில் எடை ஏறவேண்டும். ஆறு மாதத்தில் 6 கிலோ இறங்குவது உடல் எடையில் பத்து சதவிகிதத்துக்கும் மேல். காரணம் பூமியின் மேல் உள்ள அக்கறையாக இருந்தாலும், உடல் அதைப் பட்டினி என்றுதான் கணக்கில் எடுத்துக்கொள்ளும். குழந்தைகள் நல மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். எடை, உயரம் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு இரண்டையும் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறதா, நிற்கும்போது கண் இருட்டுகிறதா என்பதை அவள் அம்மா தனியாகக் கேட்டு மருத்துவரிடம் சொல்லட்டும். ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக வந்துவிட்டால் "ஒண்ணும் இல்லை" என்று திரும்பி வந்துவிடாதீர்கள். உணவைக் குறைக்கும் பிள்ளைகளுக்கு ரத்த அறிக்கை கடைசிவரை ஒழுங்காகவே இருப்பதுண்டு. விழித்திருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழ் இருந்தாலோ, மயங்கி விழுந்தாலோ காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். பல நாளாக ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தால், திடீரென்று வயிறு நிறையத் திணிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் அளவு சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

அடுத்தது, "நான் இல்லாமப் போனா" என்ற பேச்சு. நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாம்மா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை; கேட்கப்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் பாரம்தான் இறங்குகிறது. "ஆமாம்" என்று சொன்னால் அதிராதீர்கள், திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். அவளைத் தனியே விடாமல் அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். "இல்லை" என்றாலும், வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் இன்றே பூட்டி வையுங்கள்.

அவள் பயப்படுவதில் தவறில்லை

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இது போனால் வந்த வியாதியும் அல்ல, வயசுக் கோளாறும் அல்ல. 2021-இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் கேட்டது. ஏறக்குறைய 60 சதவிகிதத்தினர் காலநிலை மாற்றத்தைப் பற்றி மிகவும் அல்லது மிகமிகக் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். அந்த உணர்வுகள் அன்றாட வாழ்க்கையைப் பாதிப்பதாகச் சொன்னவர்கள் 45 சதவிகிதத்துக்கும் மேல். அவர்கள் அத்தனை பேரும் நோயாளிகள் இல்லை. வீட்டில் புகை வாசம் வந்தால் திடுக்கிட்டு எழுகிறோமே, அந்த வகைப் பயம் இது. மருத்துவத்தில் இதற்குத் தனி நோய்ப்பெயர் கிடையாது.

உங்கள் மகள் விஷயத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவள் பயம் உலகத்தைப் பற்றியது, அது நியாயமானது. அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்று வந்திருக்கிறது: உலகத்தின் நிலைமைக்குத் தன் வாயும் தன் வாளியும்தான் காரணம் என்ற குற்றவுணர்வு. முதலாவதை நாம் மதிக்கவேண்டும். இரண்டாவதுக்குச் சிகிச்சை வேண்டும். நீங்கள் இதுவரை முதலாவதைத்தான் மறுத்துக்கொண்டிருந்தீர்கள். அதனால்தான் அவள் உங்களிடம் இரண்டாவதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சுவிட்சுகளை ஐந்தாறு முறை பார்ப்பது, ஒரே கேள்வியை வீடு முழுக்கக் கேட்டுத் திரும்பவும் கேட்பது ஆகிய இரண்டும் எண்ணச் சுழற்சி நோயின், அதாவது ஓ.சி.டி.யின் சாயல் கொண்டவை. கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது, நேரில் பார்த்துத்தான் சொல்லவேண்டும். ஆனால் வீட்டிலேயே கவனிக்க ஓர் அடையாளம் உண்டு. அக்கறையால் குழாயை மூடுகிறவர் மூடிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். சுழற்சியில் சிக்கியவருக்கு, மூடிய கையை எடுத்த உடனேயே "சரியாக மூடினேனா?" என்று சந்தேகம் வரும். நிம்மதி சில நிமிடம்கூடத் தங்காது. இப்படிச் சரிபார்ப்பதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். அந்தத் தாள் மருத்துவருக்கு மிகவும் உதவும்.

இது முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒரு பதிவு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 17 வயது இளைஞன் ஒருவன், தான் தண்ணீர் குடித்தால் லட்சக்கணக்கானோர் சாவார்கள் என்று நம்பித் தண்ணீரையே மறுத்தான். 2008-இல் மருத்துவ இதழில் வந்த செய்தி அது. உங்கள் மகள் அந்த நிலையில் இல்லை. ஆனால் "சாப்பாட்டில் பாதி" என்பது அந்தப் பாதையில் தொடக்கப் படியாக இருக்கக்கூடும் என்பதால்தான் எடையைப் பற்றி அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

மாத்திரை, மந்தம் பற்றி

ஓ.சி.டி. என்று உறுதியானால் முதல் சிகிச்சை பேச்சும் பயிற்சியும்தான். சரிபார்க்கத் தோன்றும்போது சரிபார்க்காமல், பதற்றம் ஏறி உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும்வரை இருந்து பழகுவது. எளிதாகத் தோன்றும் படியில் தொடங்கிக் கடினமானதற்குப் போவார்கள். வாரம் ஒரு முறை என்றால் பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள் ஆகும். போதவில்லை என்றால் செர்ட்ரலின், ஃப்ளூஆக்ஸெடின் போன்ற மருந்துகள் உண்டு. இவை தூக்க மாத்திரைகள் இல்லை; பழக்கத்துக்கு அடிமையாக்குவதும் இல்லை. முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் பிடிக்கும். மூன்றாம் வாரத்திலேயே "வேலை செய்யவில்லை" என்று நிறுத்திவிடுவதும், சரியானதும் கேட்காமல் திடீரென்று நிறுத்துவதும்தான் வழக்கமாக நடக்கும் தவறுகள். தொடங்கிய முதல் சில வாரங்களில் சிலருக்குப் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடலாம். அதனால் அந்தக் காலத்தில் அடிக்கடி மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

மருத்துவரையோ உளவியலாளரையோ தேர்ந்தெடுக்கும்போது முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: "காலநிலை பற்றிய பயத்தோடு வரும் பிள்ளையிடம் எப்படிப் பேசுவீர்கள்?" அவர் "அதெல்லாம் சும்மா, பாசிட்டிவாக நினைக்கச் சொல்வேன்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். அறிவுள்ள பிள்ளை இரண்டாவது அமர்வுக்கு வரமாட்டாள்.

2030-இல் என்ன நடக்கும்?

அந்த வருடம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் அவளோடு பேசவே முடியாது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2018 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. புவி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முன் இருந்ததைவிட 1.5 டிகிரிக்கு மேல் ஏறாமலிருக்க, கரியமில வாயு வெளியேற்றம் 2010-இல் இருந்ததைவிட 2030-க்குள் சுமார் 45 சதவிகிதம் குறையவேண்டும், 2050 வாக்கில் நிகர பூஜ்யம் ஆகவேண்டும், அதாவது வெளியேற்றும் அளவும் திரும்ப உறிஞ்சி எடுக்கும் அளவும் சமமாகவேண்டும் என்றது. தலைப்புச் செய்திகளில் இது "இன்னும் 12 ஆண்டுதான்" என்று சுருங்கி, சமூக ஊடகத்தில் "2030-இல் எல்லாம் முடிந்தது" என்று ஆகிவிட்டது. அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. 1.5 என்பது மலை விளிம்பு அல்ல, ஒவ்வொரு 0.1 டிகிரிக்கும் சேதம் கூடிக்கொண்டே போகும் சரிவு. அதே அறிக்கையின்படி 1.5 டிகிரியில் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவிகிதம் அழியும், 2 டிகிரியில் 99 சதவிகிதத்துக்கும் மேல். இரண்டுமே கொடுமைதான். ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

அவளிடம் பொய்யான ஆறுதல் சொல்லாதீர்கள். காற்றில் கரியமில வாயு தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது. 1958-இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 420-க்கும் மேல். 2024-ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் 1.5 டிகிரிக் கோட்டைத் தாண்டியே விட்டது. (புவி வெப்பத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தம் பேசுவது பல பத்தாண்டுச் சராசரியை, ஓர் ஆண்டு தாண்டியதும் ஒப்பந்தம் தோற்றதாகக் கணக்கில்லை. இருந்தாலும் நல்ல செய்தி இல்லை.) அவளுக்கு இதெல்லாம் உங்களைவிட நன்றாகவே தெரியும்.

அவளுக்குத் தெரியாமல் போயிருக்கக்கூடியவை இரண்டு. போனில் இவை அவ்வளவாகச் சுற்றுவதில்லை. ஒன்று, கரியமில வாயு வெளியேற்றம் நிகர பூஜ்யத்துக்கு வந்துவிட்டால், அந்த வாயுவால் ஏறும் வெப்பம் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடும் என்பது இன்றைய அறிவியல் கணிப்பு. கடல்மட்டம் அதற்குப் பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் உயரும். ஆனாலும் "இனி என்ன செய்தாலும் வீண்" என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. இரண்டு, 2015-இல் பாரிஸ் ஒப்பந்தம் வந்தபோது நூற்றாண்டு இறுதியில் உலகம் போய்ச்சேரும் என்று கணித்த வெப்பம் 4 டிகிரியை ஒட்டி இருந்தது. நடைமுறையிலுள்ள கொள்கைகளை வைத்து இன்று கணித்தால் அது 3-ஐ ஒட்டி வருகிறது. போதாது, ஆனால் இறங்கியிருக்கிறது. சூரிய மின்சாரத்தின் செலவு 2010-க்கும் 2019-க்கும் இடையில் சுமார் 85 சதவிகிதம் விழுந்தது இதற்கு ஒரு காரணம்.

உங்கள் ஓசோன் வாதத்தை மட்டும் இனி அவளிடம் எடுக்காதீர்கள், தோற்றுவிடுவீர்கள். அண்டார்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்துபோனதை 1985-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இரண்டே ஆண்டில் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. குளிர்சாதனப் பெட்டியிலும் ஸ்ப்ரே டப்பாவிலும் இருந்த சி.எஃப்.சி. வாயுக்களை நாடுகள் படிப்படியாக நிறுத்தின. இப்போது ஓசோன் படலம் மெல்லத் தேறிவருகிறது. அண்டார்டிகாவின் மேல் 2066 வாக்கில் 1980-இன் நிலைக்குத் திரும்பும் என்று மதிப்பிடுகிறார்கள். "ஒண்ணும் ஆகலையே" என்று நீங்கள் சொல்ல முடிவதற்குக் காரணமே, அன்று பயப்பட்டவர்கள் அந்தப் பயத்தை வைத்து வேலை செய்ததுதான்.

ஒரு ஃபேனின் கணக்கு

இந்தக் கணக்கை அவளோடு உட்கார்ந்து ஒரு தாளில் போடுங்கள். 75 வாட் ஃபேன், இரவு 8 மணி நேரம்: 0.6 யூனிட். முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றே வைத்துக்கொண்டால், யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு. ஓர் இரவுக்கு 600 கிராம், வருடத்துக்கு 219 கிலோ. உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் வருடத்துக்கு வெளியேறுவது 3,700 கோடி டன்னுக்கும் மேல். அவள் ஃபேனின் பங்கு பூஜ்யம் இல்லை. ஆனால் அவள் தூக்கத்தை விலையாகக் கொடுக்கும் அளவுக்குப் பெரியதும் இல்லை. 28 முதல் 35 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் பாதிக்கு மேல் குறையும், தூக்கமும் மிஞ்சும். அது வீட்டுப் பெரியவர்கள் எடுக்கவேண்டிய முடிவு. நீங்கள் எடுத்தால், பாரம் அவள் தோளிலிருந்து இறங்கி உங்கள் தோளுக்கு வந்ததை அவள் கண்ணால் பார்ப்பாள்.

கணக்கை ஒரே ஒரு முறைதான் போடவேண்டும். மறுநாள் குளியலுக்கும், அதற்கு மறுநாள் சோற்றுக்கும் போடச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். அப்போது கணக்கும் சுவிட்ச் பார்ப்பதைப் போல ஒரு சடங்காகிவிட்டது என்று அர்த்தம். "தண்ணி ரொம்ப செலவு பண்ணிட்டேனா?" என்ற கேள்விக்கும் இதே விதி. "இல்லடா" என்று ஒவ்வொரு முறையும் சொல்வது அன்பு மாதிரித் தெரியும், ஆனால் சுழற்சிக்கு அதுதான் தீனி. "இதுக்கு ஒரு தடவை பதில் சொல்லிட்டேன்மா. இப்ப பதட்டம் கேக்குது. நான் பக்கத்துல இருக்கேன்" என்று சொல்லி அங்கேயே உட்காருங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லவேண்டும், தம்பி உட்பட. முதல் சில நாள் அழுகையும் கோபமும் கூடும், அது எதிர்பார்க்கவேண்டியதுதான். சிகிச்சையாளர் கிடைத்த பிறகு அவர் வழிகாட்டுதலில் இதைத் தொடங்குவது நல்லது.

போனைப் பிடுங்கியது பலிக்கவில்லை, பலித்திருக்கவும் முடியாது. அவள் கவலையை ஒத்துக்கொள்கிறவர்கள் அங்கே மட்டும்தான் இருந்தார்கள். முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிறகு ஒப்பந்தம் பேசுங்கள். செய்தி பார்க்க நாளுக்கு இரண்டு வேளை, தலா 20 நிமிடம். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லோர் போனும் கூடத்தில் சார்ஜரில் இருக்கும். எல்லோர் போனும் என்றால் உங்களுடையதும்தான். 16 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அது இல்லாமல் எந்த ஆலோசனையும் ஏறாது. எதிரெதிரே உட்காரவைத்துப் பேசுவதைவிட, நடக்கும்போதோ பாத்திரம் துலக்கும்போதோ பேச்சை எடுங்கள். "நீ பயப்படுறதுல தப்பே இல்லம்மா. நான் சிரிச்சதுதான் தப்பு. உனக்கு எது ரொம்பப் பயமா இருக்கு?" இதைக் கேட்டுவிட்டுப் பத்து நிமிடம் குறுக்கே பேசாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலான அப்பாக்களால் மூன்று நிமிடம்கூட முடிவதில்லை.

பள்ளியா, போராட்டமா?

ஒன்றை விட்டுத்தான் மற்றொன்று என்று யார் சொன்னது? கிரேட்டா துன்பர்க் என்ற ஸ்வீடன் மாணவி, காலநிலைக்காகப் பள்ளியைப் புறக்கணித்து 2018-இல் தன் நாட்டு நாடாளுமன்றத்தின் முன் தனியாக உட்கார்ந்தபோது வயது 15. அவரும் ஓராண்டு இடைவெளிக்குப் பிறகு வகுப்புக்குத் திரும்பி, 2023-இல் பள்ளிப்படிப்பை முடித்தார். இதைவிடப் பொருத்தமான உதாரணம் ஒன்று இருக்கிறது. 2019-இல் தெற்கு பசிபிக் பல்கலைக்கழகத்தில் 27 சட்ட மாணவர்கள், காலநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்தையே கேட்கவேண்டும் என்று கிளம்பினார்கள். வனுவாட்டு என்ற சிறிய தீவு நாடு அதைக் கையில் எடுத்தது, ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. 2025 ஜூலை 23-இல், காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டபூர்வமான கடமை என்று நீதிமன்றம் கருத்துரை வழங்கியது. அவர்கள் பாடப் புத்தகத்தை மூடவில்லை, அதையே ஆயுதமாக்கினார்கள்.

உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழு 2023-இல் வெளியிட்ட 26-ஆவது பொதுக் கருத்துரை, தூய்மையான, ஆரோக்கியமான சுற்றுச்சூழல் குழந்தைகளின் உரிமை என்றும், அது பற்றிய முடிவுகளில் அவர்கள் குரல் கேட்கப்படவேண்டும் என்றும் சொல்கிறது. அவள் ஒரு குழுவில் சேர விரும்பினால் தடுக்காதீர்கள். தனியாக இருக்கும் பயம் வீட்டுக் குழாயைச் சுற்றியே வரும். கூட்டத்தில் சேர்ந்த பயத்துக்கு வேலை கிடைக்கும். பெரியவர்கள் பொறுப்பில் நடக்கும் குழுவா, நேரம் என்ன, யார் அழைத்து வருவார்கள் என்று மட்டும் விசாரியுங்கள். ஆனால் வரிசை மாறக்கூடாது: எடையும் தூக்கமும் நிலைப்பட்ட பிறகுதான் வாரம் ஒரு நாள். மெலிந்த உடம்போடு வெயிலில் நிற்க அனுமதிக்காதீர்கள்.

தம்பிக்குப் புள்ளிவிவரம் எதுவும் வேண்டாம். "இல்லடா, நாம சாகப்போறதில்லை. பூமி சூடாகுது, அது உண்மை. அதைச் சரிபண்ண நிறைய பெரியவங்க வேலை செய்றாங்க, அப்பாவும் கொஞ்சம் செய்யப்போறேன்" என்பது போதும். மேலே கேட்டால் மட்டும் மேலே சொல்லுங்கள்.

கடைசியாக, அந்தச் சமையலறைக் குழாய். ஐந்தாறு முறை சரிபார்ப்பது அவள் பிரச்சினை. சொட்டுவது குழாயின் பிரச்சினை. அந்த விஷயத்தில் அவள் சொல்வது சரி, நீங்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். மெயின் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். பிடியைக் கழற்றி, ஸ்பேனரால் தலைப்பகுதியைத் திருகி எடுத்தால் அடியில் தேய்ந்துபோன ரப்பர் வாஷர் இருக்கும். பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்கி மாற்றுங்கள். புது வாஷர் போட்டும் சொட்டினால் வாஷர் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கலாம், அப்போது பெரும்பாலும் குழாயையே மாற்றவேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை அவளைக் கூப்பிட்டு ஸ்பேனரை அவள் கையில் கொடுங்கள். முடித்ததும் வாளியை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.